ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லையா? பெடலை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள்!

முகூர்த்த நாள். விடியற்காலை. வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், தெள்ளாரைத் தாண்டிப் போகிறது ஒரு வாடகைக் கார். உள்ளே ஏழு பேர். பின்னால் டிக்கியில் சீர்வரிசைத் தட்டுகள், மடிப்புக் கலையாத ஆரணிப் பட்டு. எட்டு மணிக்குத் தாலி கட்டு. கார் எழுபதில் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று டிரைவர் காலை எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் கேட்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு எரிகிறது. வேகம் அறுபது, ஐம்பது, முப்பது எனக் குறைகிறது. பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

இந்தக் கார் கற்பனைதான். ஆனால், கடந்த பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் வாங்கிய கார் வைத்திருப்பவர்களில் சிலருக்காவது இந்த அனுபவம் இருக்கும். ஓரமாக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, பத்துக் கிலோமீட்டர் தாண்டி மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

உடனே காருக்குள்ளேயே ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். "டீசல்ல கலப்படம்." "கிளட்ச் தேஞ்சுபோச்சு." "ஃபில்டர் அடைச்சிருக்கு." எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் டீசலும் ஃபில்டரும் பெரும்பாலும் மெள்ள மெள்ளத்தான் பிக்கப்பைக் குறைக்கும். சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் பிக்கப் போய், சாவியைத் திருப்பியதும் திரும்பி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் டிரைவரின் வலது காலுக்கு அடியில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார்.

கம்பி போய், கரன்ட் வந்தது

மாருதி 800 காலத்தில் விஷயம் எளிது. பெடலை மிதித்தால் ஒரு கேபிள் இழுபடும். கேபிளின் மறுமுனை கார்புரேட்டரைத் திறக்கும். கேபிள் அறுந்தால் கார் நிற்கும். புதுக் கேபிள் போட்டால் ஓடும். பழைய டிரைவர்கள் டூல்ஸ் பையில் ஒரு ஸ்பேர் கேபிளைச் சுருட்டிப் போட்டிருப்பார்கள்.

இன்றைய கார்களில் அந்தக் கேபிள் கிடையாது. 1980-களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலை உயர்ந்த கார்களில் தொடங்கிய எலெக்ட்ரானிக் த்ராட்டில், இப்போது சின்ன ஹேட்ச்பேக் வரை வந்துவிட்டது. நீங்கள் மிதிப்பது ஒரு ஸ்பிரிங்கைத்தான். கால் எவ்வளவு தூரம் போனது என்பதை அளந்து, அதை வோல்ட்டேஜாக மாற்றி இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது சென்சாரின் வேலை. மெக்கானிக்குகள் 'இசிஎம்' அல்லது 'இசியூ' என்று சொல்வது இந்தக் கம்ப்யூட்டரைத்தான். பெட்ரோல் கார் என்றால் எவ்வளவு காற்றை விடுவது, டீசல் என்றால் எவ்வளவு எரிபொருளைப் பீய்ச்சுவது என்று முடிவுசெய்வது அதுதான்.

பெடலுக்குள் இருப்பது ஒரு சென்சார் அல்ல, இரண்டு. பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் தனித்தனியாக 5 வோல்ட் சப்ளை, தனித்தனி எர்த், தனித்தனி சிக்னல் வயர். அதனால்தான் பெடலின் கப்ளரில் ஆறு வயர்கள் இருக்கும். காலை எடுத்திருக்கும்போது முதல் சென்சார் ஏறக்குறைய 0.7 வோல்ட் காட்டினால், இரண்டாவது அதில் பாதி, 0.35 வோல்ட் காட்டும். முழுக்க மிதித்தால் முதலாவது 4 வோல்ட்டை நெருங்கும். இரண்டாவது 2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு மாறும். ஆனால் 'ஒன்று மற்றதில் பாதி' என்பது பல கார்களில் பொதுவான ஏற்பாடு.

எதற்கு இரண்டு? ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடிக்க. முதல் சென்சார் 3 வோல்ட் என்று சொல்லும்போது இரண்டாவது 1.5 சொல்லாமல் 0.4 சொன்னால், இருவரில் ஒருவரிடம் கோளாறு என்று கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். யார் சொல்வது சரி என்று தெரியாதபோது ரிஸ்க் எடுக்காமல், இரண்டில் குறைவான வேகத்தை நம்பும், அல்லது பவரையே குறைத்துவிடும். ஊர்ந்து போகிற இந்த நிலைக்குத்தான் 'லிம்ப் மோட்' என்று பெயர். இரண்டு சென்சாரும் கைவிட்டால், ஐட்லிங்கைவிடச் சற்றுக் கூடுதலான ஒரே வேகத்தில் இன்ஜின் ஓடும். பெடலுக்கு மரியாதையே இருக்காது.

பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்திவிடுவார். முடிச்சுப் போட்ட பிறகுதான் மேலே நெய்வார். தறி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. காரும் இங்கே அதைத்தான் செய்கிறது. கல்யாணத்துக்கு நேரமாகிறதே என்ற கவலை மட்டும் அதற்குக் கிடையாது!

ஸ்கேனர் சொல்வது பாதிதான்

இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி எனப்படும் சுயபரிசோதனை வசதி 2010 ஏப்ரலிலும், அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், கம்ப்யூட்டர் குறித்துவைத்திருக்கும் கோளாறு எண்கள் வரும். இன்று சிறிய ஊர்களில்கூட ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களிடம் ஸ்கேனர் இருக்கிறது. சில நூறு ரூபாய் ப்ளூடூத் கருவியை மாட்டி, செல்போனிலேயே பார்க்கவும் முடியும்.

பெடல் விஷயத்தில் அடிக்கடி வரும் எண்கள் ஐந்து. பி2122 என்றால் முதல் சிக்னலில் வோல்ட்டேஜ் தேவையைவிடக் குறைவு. பி2123 என்றால் அதிகம். பி2127, பி2128 இரண்டும் இதே புகாரை இரண்டாவது சிக்னல் பற்றிச் சொல்பவை. பி2138 என்றால் இரண்டு சிக்னலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

பணம் வீணாவது இந்த இடத்தில்தான். ஸ்கேனரில் 'பெடல் பொசிஷன் சென்சார்' என்று எழுத்து வந்ததுமே, "சார், பெடல் போச்சு, மாத்தணும்" என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு முழுப் பெயர் 'சென்சார் சர்க்யூட்'. அதாவது சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து போகும் வயர், 5 வோல்ட் சப்ளை, எர்த், கம்ப்யூட்டர் என்று அந்தப் பாதையில் எங்கோ கோளாறு. வீட்டில் பல்பு எரியவில்லை என்றால் பல்பு மட்டுமா காரணம்? சுவிட்ச், ஹோல்டர், ஃபியூஸ் எல்லாம் இருக்கிறதே.

பெடலைத் தனியாக, சென்சாரைத் தனியாகப் பெரும்பாலும் விற்பதில்லை. முழு அசெம்ப்ளியாகத்தான் வாங்க வேண்டும். எலெக்ட்ரிக்கல் பாகம் என்பதால், மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பல கடைகள் வாங்கிக்கொள்ளாது. புதுப் பெடல் போட்டும் மூன்றாவது நாள் அதே மஞ்சள் விளக்கு எரிந்தால், அந்த வாரத்து சவாரி வருமானத்தை நம்பியிருக்கும் டாக்ஸிக்காரரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

எலி, தண்ணீர், 5 வோல்ட்

சரி, வேறு என்னவெல்லாம் காரணமாக இருக்கும்?

நெல் விளையும் ஊர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு எலியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்தால், நிறுத்திவைத்த காரின் இன்ஜின் அறை எலிக்கு வீடு. வயரை முழுக்கக் கடித்துத் துண்டித்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடிப்பது சுலபம். மேல் தோலை மட்டும் கடித்து, உள்ளே செம்பு தெரிகிற நிலையில் விட்டுவிட்டால்தான் தலைவலி. குலுங்கும்போது பாடியில் பட்டு ஷார்ட் ஆகும், மேடு பள்ளம் இல்லாத சாலையில் ஒழுங்காக இருக்கும்.

அடுத்தது தண்ணீர். ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அது காருக்குள்ளேயே சொட்டும். வாட்டர் வாஷில் உள்பக்கமும் பீய்ச்சி அடித்தால் சொல்லவே வேண்டாம். கப்ளரின் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்து, சிக்னல் தடுமாறும்.

மூன்றாவது காரணம் பல மெக்கானிக்குகளையே சுற்றலில் விடுவது. சில கார்களில் பெடலுக்குப் போகும் அதே 5 வோல்ட் சப்ளையை வேறு சென்சார்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. உதாரணமாக ஏசி பிரஷர் சென்சாருக்குள் ஷார்ட் ஆனால், அது எல்லோருக்குமான 5 வோல்ட்டையும் கீழே இழுத்துவிடும். பழி பெடல் மேல் விழும். ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று சென்சார்களின் எண்கள் சேர்ந்து வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

இவையெல்லாம் இல்லாமல், உண்மையாகவே பெடல் சென்சார் தேய்ந்துபோவதும் உண்டு. பழைய வகை சென்சாருக்குள், ரேடியோவின் வால்யூம் திருகிபோல, ஒரு கார்பன் தடத்தின் மேல் சின்ன முள் உரசிக்கொண்டே நகரும். டிரைவர் எப்போதும் ஐம்பது அறுபதிலேயே ஓட்டுபவர் என்றால், தடத்தில் அந்த ஓர் இடம் மட்டும் தேயும். அந்த வேகத்துக்கு வரும்போது மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். புதிய வகைகளில் காந்தத்தை வைத்து, உரசாமல் அளக்கிறார்கள். அதில் தேய்மானம் இல்லை என்றாலும், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு கெட்டுப்போகலாம்.

பார்க்க வேண்டிய வரிசை

ஒரு மல்டிமீட்டரும் ஸ்கேனரும் கையில் இருந்தால் முக்கால்வாசி உண்மை தெரிந்துவிடும். நல்ல எலெக்ட்ரீஷியன் முதலில் எண்களைக் குறித்துக்கொள்வார். உடனே அழித்துவிட மாட்டார். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, பெடலை மெள்ள, மிக மெள்ள, அடி வரை அழுத்தி விடுவார். திரையில் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்க வேண்டும். நடுவில் ஒரு கோடு மட்டும் திடீரென்று விழுந்து எழுந்தால் சென்சாரின் தடம் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கோடு ஒழுங்காக இருக்கிறதா? அப்போது பெடலைத் தொடாமல் வயரைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கப்ளரைத் தட்ட வேண்டும். எங்கே தொடும்போது எண் குதிக்கிறதோ, கோளாறு அங்கே இருக்கிறது. பெடல் மேல் தப்பில்லை!

அதன் பிறகு மல்டிமீட்டர். கப்ளரின் பின்பக்கமாக முள்ளைச் செருகி, இரண்டு சப்ளை வயரிலும் 5 வோல்ட் வருகிறதா, இரண்டு எர்த்தும் சரியா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. முன்பக்கத்தில் முள்ளைத் திணித்தால் பின் அகன்று, இல்லாத லூஸ் கனெக்‌ஷன் புதிதாக வந்துவிடும். சப்ளையும் எர்த்தும் சரி, வயர் சரி, ஆனாலும் சிக்னல் தவறு என்றால் அப்போதுதான் பெடல் குற்றவாளி. சப்ளையே இல்லையென்றால் எத்தனை புதுப் பெடல் போட்டாலும் வண்டி ஓடாது.

களிம்பு மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்தாலே போதும். அறுந்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது. ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி மூட வேண்டும். அரை வோல்ட் வித்தியாசத்துக்கே கோபித்துக்கொள்ளும் சர்க்யூட் இது.

நாசா வரை போன பெடல்

இந்தச் சின்னப் பாகம் ஒரு காலத்தில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா வரை போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

2009 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். லெக்ஸஸ், டொயோட்டாவின் சொகுசுக் கார் பிராண்ட். அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2010 ஜனவரியில், மிதித்தால் சரியாகத் திரும்பி வராத பெடலுக்காக மட்டும் அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வாகனங்கள். 'பெடலும் மேட்டும் அல்ல, எலெக்ட்ரானிக்ஸ்தான் காரணம்' என்று சந்தேகம் கிளம்ப, நாசா பொறியாளர்களிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. 2,80,000 வரிகளுக்கும் மேற்பட்ட சாஃப்ட்வேரை அலசினார்கள். 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. கார் தானாகப் பெருவேகம் எடுக்கும் அளவுக்கு எலெக்ட்ரானிக் கோளாறு எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் ஓர் ஆச்சர்யம் கிடைத்தது. வாடிக்கையாளர் புகார் கொடுத்த ஒரு காரின் பெடல் சென்சாரைத் திறந்து பார்த்தபோது, ஈய முலாமுக்குப் பதில் வரும் வெள்ளீயத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழை ஒன்று வளர்ந்து, இரண்டு சிக்னல்களையும் இணைத்திருந்தது. வெள்ளீயப் பூச்சில் இப்படித் தானாக 'மீசை' வளர்வது எலெக்ட்ரானிக்ஸ் உலகில் தெரிந்த பிரச்னைதான். ஒன்றை ஒன்று கண்காணிக்க வேண்டிய இரண்டு சென்சார்களும் இப்படி ஒட்டிக்கொண்டால் காவல் பலவீனமாகிவிடும். மஞ்சள் விளக்கை அலட்சியப்படுத்தி ஓட்டாதீர்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பாதுகாப்புப் பிரச்னைகளைப் பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக எழுந்த வழக்கில், 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் அபராதம் கட்ட டொயோட்டா ஒப்புக்கொண்டது.

அது சரி, அந்த நான்கு உயிர்களைப் பறித்தது எது? காருக்குள் போட்டிருந்த கால் மிதி மேட். வேறு மாடலுக்கான, அளவு பொருந்தாத ரப்பர் மேட்டில் பெடல் சிக்கிக்கொண்டது என்றுதான் விசாரணை சொன்னது. கோரைப்பாய்க்குப் பேர்போன வந்தவாசிப் பக்கத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம். டிரைவர் காலடியில் பாயோ, சாக்கோ, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட்டோ வேண்டாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

சோதனையில் பெடல்தான் என்று உறுதியாகிவிட்டால் மாற்றும் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் பொறுக்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் தொடக் கூடாது. அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பெடல் கப்ளரின் லாக்கை அழுத்திக் கழற்றினால், பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று நட்டுகள்தான் பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கும். கஷ்டம் எல்லாம் ஆளுக்குத்தான். தலையைப் பெடலுக்கு அடியிலும் காலை சீட்டுக்கு மேலும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

புதியதை வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய பெடலில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரை போனில் படம் எடுத்துப்போங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று மாறும். உருவம் ஒன்றாக இருந்தாலும் வோல்ட்டேஜ் கணக்கு வேறாக இருக்கலாம். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பெடல் விலை குறைவுதான். ஆனால் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது. வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், மாட்டிய உடனே லைவ் டேட்டாவில் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மாட்டி முடித்ததும் பழைய எண்களை அழிக்க வேண்டும். சில கார்களில் சாவியை ஆன் செய்து காலை பெடலில் வைக்காமல் சில நொடி விட வேண்டும். கம்ப்யூட்டர் புதுப் பெடலின் 'பூஜ்ஜியத்தை' கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாகத்தான் கற்றுக்கொடுக்க முடியும். பிறகு ஊருக்குள் ஒரு சுற்று, ஹைவேயில் ஒரு சுற்று.

சாலையில் மாட்டிக்கொண்டால்...

பிக்கப் போன கார் ஆபத்தாவது பின்னால் வருபவர்களால்தான். முதல் வேலை ஹசார்டு விளக்கு, இரண்டாவது இடது ஓரம். இறங்குபவர்கள் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஊர்ந்தபடியே பக்கத்து ஊர் வரை ஓட்டிப்போக முடியும் என்றாலும், நான்குவழிச் சாலையில் அந்த வேகத்தில் போகாதீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதே நல்லது.

இதற்கு நேர்மாறாக, பெடல் சிக்கி வண்டி தானாக வேகம் எடுத்தால் செய்ய வேண்டியது வேறு. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி விடாமல் பிடித்திருங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்கின் பூஸ்டர் பலம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். மேனுவல் கியர் என்றால் கிளட்ச்சை மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். ஓடும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். புஷ் பட்டன் கார்களில் பலவற்றில் பட்டனைச் சில நொடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் இன்ஜின் அணையும். அது எத்தனை நொடி என்பது காருடன் கொடுத்த கையேட்டில் இருக்கும். டேஷ்போர்டு பெட்டிக்குள் கவர் பிரிக்காமல் கிடக்கிறதே, அதேதான்.

பெடல் மாற்றியிருந்தால் பில்லோடு பழைய பெடலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண் மறுபடி வந்தால், அடுத்துப் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.